இடக்கைச் சுற்று

ஒரு பூச்சி கட்ட எனக்கு ஆறு நிமிடம் போதும். அந்த ஒன்றைப் பிரிக்க ஒரு காலைப்பொழுது முழுதும் போனது.

நாங்கள் கட்டுவது உயிர்ப் பூச்சி இல்லை. சின்னத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்வது. வெள்ளைக்காரர்கள் ஆற்றில் மீன் பிடிக்க வாங்குகிறார்கள். அது தண்ணீருக்கு மேலே மிதக்க வேண்டும். கீழே நிற்கும் மீன் அண்ணாந்து பார்த்து, பூச்சி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நம்பி வாயைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கல்முனையில் பெரிய ரோட்டுக்குப் பின்னால், வயலைப் பார்த்தபடி இருக்கிறது கட்டிடம். பதினாலு பெண்கள் இருக்கிறோம். ஆண் என்றால் ஸ்டோர்காரர் ஒருவர்தான்.

நான் அங்கே சேர்ந்தது என் ராத்தாவோடு. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளைக் கடல் கொண்டுபோய் இருபது வருடத்துக்கு மேல். அடக்குவதற்கு மையத்துகூடக் கிடைக்கவில்லை. சாய்ந்தமருதில் எங்கள் வீடு நின்ற இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியது. ஒரு துணி இல்லை, ஒரு போட்டோ இல்லை.

இதை முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

போன வருடம் மழைக்கு முன்னம், மிஸ் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மிஸ் எங்களுக்கு மேலே இருப்பவர். தமிழ்ப் பிள்ளை, என்னைவிட வயது குறைவு. டப்பாவுக்குள் ஒரு பூச்சி இருந்தது. பழசு. இறகின் நுனி தேய்ந்திருந்தது.

“அக்கா, இதை அப்படியே கட்டணும்” என்றார். “வெளிநாட்டுல ஒரு வயசாளி. முந்தி நாம அனுப்பின பெட்டிக்குள்ள இது ஒண்டே ஒண்டு கிடந்ததாம். நம்மட பட்டியல்ல எந்த நம்பரிலயும் இல்லையாம். இதாலதான் அவர் தன்ட வாழ்நாள்ல பெரிய மீன் பிடிச்சவராம். இப்ப அவர்ட மகன்ட கடை கேக்குது. நிறையக் கேக்குது.”

“எப்ப அனுப்பின பெட்டி?”

“கடல் வாறதுக்கு முந்தி.”

வேலை குறைந்துபோன காலம் அது. இந்த ஓடர் கிடைக்காவிட்டால் பாதி மேசையை எடுத்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மிஸ் அதை வாயால் சொல்லவில்லை.

லென்ஸை இழுத்துப் பார்த்தேன். நூல் சாய்ந்திருந்த பக்கம் பிழை. நாங்கள் எல்லோரும் எங்களுக்கு அங்கால், வெளிப் பக்கமாகச் சுற்றுவோம். வலக்கைக்காரர் அப்படித்தான் சுற்றலாம். இது மற்றப் பக்கம் சாய்ந்திருந்தது. தலையில் முடிச்சும் அப்படியே.

அந்தக் கட்டிடத்தில் இடக்கையால் கட்டியது ஒரே ஒரு ஆள்தான்.

சின்ன வயதில் ராத்தாவின் இடக்கையை உம்மா துணியால் கட்டிவிடுவார். சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் வலக்கை வந்துவிட்டது. வேறு எதற்கும் வரவில்லை. பூச்சி கட்ட வந்தபோது, தூண்டிலைப் பிடித்து நிற்கும் இடுக்கியைத் திருப்பி வைத்துக்கொண்டாள். என் இடப் பக்கத்தில் இருந்தாள். எங்கள் முழங்கைகள் இரண்டும் முட்டும். அவள் கட்டியது வடிவு. என்னுடையதைவிட வடிவு.

ஒரு பெட்டியில் பன்னிரண்டு பூச்சி. பன்னிரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருநாள் அப்போதிருந்த பழைய மிஸ் எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி ஒரு பக்கம் சாய்வு, பாதி மறுபக்கம். “இது ஆர்ட வேலை?” என்று கேட்டார். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நான் ராத்தாவைக் காட்டினேன்.

ஏன் காட்டினேன் என்று கேட்டால், என்னுடைய ஆறும் சரியாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ராத்தாவைக் கட்டுகிற மேசையிலிருந்து எடுத்து, பெட்டி அடுக்குகிற மேசையில் போட்டார்கள். அன்று பின்னேரம் பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

“சொல்லாம இருந்திரிக்கலாம் நீ.”

அதன்பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. கோபமும் காட்டவில்லை. சோறு போட்டால் முதலில் எனக்குத்தான் வைப்பாள். ஆனால் நடக்கும்போது எனக்கு முன்னால் நடந்தாள். எப்போதும் முன்னால்.

நாங்கள் கட்டுகிற அந்தப் பூச்சியை நாங்கள் யாரும் உயிரோடு கண்டதில்லை. அட்டையில் படம் இருக்கும். அதோடு ஒரு மாதிரிப் பூச்சி வரும். மே மாதத்தில் அவர்கள் நாட்டு ஆற்றில் எழும்புமாம். தண்ணீருக்குள் வருடக்கணக்காகப் புழுவாகக் கிடந்து, சிறகு முளைத்து மேலே வந்தால் ஒரு நாள்தானாம் உயிர். வாயும் வயிறும் இருந்தும் தின்னாதாம். அங்கே எவரோ ஆற்றங்கரையில் இருந்து அதைப் பார்த்துப் பார்த்து, கோழிக் கழுத்து இறகால் காலைச் செய்து, தாரா வாத்தின் இறகால் சிறகைச் செய்து, முதல் ஒன்றைக் கட்டியிருப்பார். அதைப் பார்த்து இன்னொருவர். அதைப் பார்த்து நாங்கள்.

மழை விட்ட ஒரு காலை, பெட்டி அடுக்கும் மேசைக்குப் பக்கத்து யன்னலில் ராத்தா அப்படி ஒன்றை உயிரோடு கண்டாள். வாய்க்காலில் இருந்து வந்திருக்க வேண்டும். சிறகு இரண்டும் மடங்காமல் நேரே மேலே நின்றது. வால் மயிர் போல நீளம். தீப்பெட்டியில் பிடித்துப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“இஞ்ச பாரு. ரெண்டு வருசமா ஆளைக் கட்டுறம். இப்பதான் ஆளைக் காணுறம்.”

நான் வேலையில் இருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டேன். சரியாகப் பார்க்கவில்லை.

அன்று சாப்பாட்டு நேரம் அவள் ஒரு பழைய இடுக்கியை எடுத்து வைத்துக் கட்டினாள். பெட்டி அடுக்கும் ஆட்களுக்கு ஸ்டோரில் சாமான் கொடுக்கமாட்டார்கள். கீழே கூட்டிக் கிடந்ததைப் பொறுக்கினாள். உடம்புக்கு என்ன சுற்றினாள் என்று கேட்டேன்.

“சொல்லமாட்டன்” என்று சிரித்தாள்.

அடுத்த நாள் பஸ் நிற்கும் இடத்தில் கேட்டேன். “எங்க உங்கட பூச்சி?”

“அனுப்பிட்டன்.”

குப்பையில் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

கடல் வந்த அன்று வேலை விடுமுறை. எனக்குக் கல்யாணம் முடிந்திருந்தது; நான் மாப்பிள்ளை வீட்டாரோடு வரிப்பத்தான்சேனையில், கடல் எட்டாத வேளாண்மைப் பக்கம். ராத்தா கிணற்றடியில் தலை முழுகிக்கொண்டு நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி கண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு கண்ட ஆள் இல்லை.

வேலைக்குத் திரும்பிப் போனபோது என் இடப் பக்கத்து மேசையில் வேறு பிள்ளைகள் வந்து வந்து போனார்கள். யாரோடும் முழங்கை முட்டாது. ஆனாலும் சில நாள் என் இடக்கை முழங்கையில் முட்டும். திரும்பிப் பார்ப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆக, டப்பாவுக்குள் கிடந்தது அது. அவளுடைய கை இந்த உலகத்தில் விட்டுவைத்தது அது ஒன்றுதான்.

ஒரு பூச்சியை அப்படியே கட்ட வேண்டுமென்றால், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வேலையில் அதுதான் முறை. மேலே தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. கடைசியில் கட்டியதை முதலில் அவிழ்த்து, ஒவ்வொரு சுற்றாக எண்ணி, தூண்டில் வெறுமையாகும் வரைக்கும் போக வேண்டும். பிரித்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது.

“பிரிக்காமக் கட்டித் தாறன் மிஸ்” என்றேன்.

“ஏலுமா அக்கா?”

“பாப்பம்.”

என் வலப் பக்கத்தில் இருப்பவள் பாண்டிருப்புக்காரி. ராத்தா இருந்த காலத்திலேயே சேர்ந்தவள். புருஷன் கடல் தொழில். அவள் லென்ஸில் ஒரு கண்ணை வைத்தாள். கனநேரம் எடுக்கவில்லை.

“இது அவட கை” என்றாள், எனக்கு மட்டும் கேட்க.

“ஓம்.”

அதற்குமேல் கேட்கவில்லை. பிறகு மற்றவர்களுக்காகச் சத்தம் போட்டுக் கதைத்தாள்.

“என்ட மனிசன் எஞ்சினும் வலையுமாப் போய் வெறுங்கையோட வாறார். இந்தக் கிழவன் ஒரு கோழி மயிரால பெரிய மீன் பிடிச்சிரிக்கான்!”

“பிடிச்சிட்டுத் திரும்ப ஆத்துல விடுறாங்களாம்” என்றார் மிஸ்.

“விடுறதா? அப்ப என்னத்துக்குப் பிடிக்கிறான்?”

“பாக்கத்தானாம்.”

“பாக்கவா! என்ட மனிசன் அப்படிச் செஞ்சா நான் அந்தாளைத்தான் ஆத்துல விடுவன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கட்டினேன்.

கறுப்பு நூலால் உடம்பு சுற்றினேன். கண்ணாடித் தொட்டியில் போட்டால் சற்று நேரத்தில் தாழ்ந்தது. மயில் இறகின் தண்டைச் சீவிச் சுற்றினேன். சுற்று அகலமாக விழுந்தது. நைலோன் சுற்றினேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது. ராத்தாவின் பூச்சியின் உடம்பு அப்படி மினுங்கவில்லை. வழவழப்பாக, கறுப்பும் இல்லாமல் மண்ணிறமும் இல்லாமல் இருந்தது. சுற்று சுற்றோடு ஒட்டி, இடையில் ஊசி நுனி போகாது. இரண்டு நாள் பார்த்தேன். வரவில்லை.

மூன்றாம் நாள் வரிப்பத்தான்சேனைப் பிள்ளை ஒன்று லென்ஸில் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது.

“இது பண்டி மயிர் போல இரிக்கி. நான் தொடமாட்டன்.”

எங்கள் ஆட்கள் புதுச் சாமான் எது வந்தாலும் பன்றியா என்பதைத்தான் முதலில் கேட்போம். முயலா, மானா, வேறு எதுவுமா? ஸ்டோர்காரரும் நம்ம ஆள்தான். பெட்டியில் ஒட்டிய தாளை வாசித்துக் காட்டிய பிறகுதான் தொடுவோம். இதற்குத் தாள் இல்லை.

“சும்மா கதைக்காத” என்றேன்.

“அப்ப என்னத்தால சுத்தினதாம், சொல்லுங்க?”

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னமே பேச்சு மேசை மேசையாகப் போய்விட்டது. பண்டி என்றால் ஓடரே வேண்டாம் என்றார்கள் எட்டுப் பேர். ராத்தா ஓதாமல் ஒரு சோத்துப் பருக்கையைத் தொடாதவள். அவளுடைய கைக்கு இந்தப் பேச்சு.

மிஸ் வந்து பக்கத்தில் நின்றார். “அக்கா, பிரிங்க. இல்லாட்டி ஒருத்தரும் கட்டமாட்டாங்க.”

“பிரிச்சா இது இல்லாமப் போயிரும்.”

“அதான் நாம திரும்பக் கட்டப் போறமே.”

அது யாருடைய கை என்று அவருக்குத் தெரியாது. பாண்டிருப்புக்காரி என் மேசையில் கையை வைத்தாள்.

“நான் பிரிச்சுத் தாறன். நீ அங்கால போய் இரு.”

“வேணாம். நாளைக்கு விடிய நானே பிரிப்பன்.”

அடுத்த நாள், தொழுகைக்குப் போல வுளூ எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மற்றவர்கள் வருவதற்கு முன் யன்னல் பக்கத்து மேசைக்கு மாறினேன். அங்கே வெளிச்சம் நல்லது. இடுக்கியைத் திருப்பி வைத்தேன்.

“ஏன் திருப்புறீங்க?” என்றார் அப்போதுதான் வந்த மிஸ்.

“இது இடக்கைச் சுற்று.”

என் வலக்கையால் அவிழ்த்தால் நூல் இறுகியது. இடக்கைக்கு மாற்றினேன். பழக்கமில்லாத கை நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. தானாக நின்றது. நான் நிறுத்தவில்லை.

தலையில் இருந்த வார்னிஷ் இளகுவதற்கு, நகப்பூச்சு அழிக்கும் தண்ணீரில் ஒரு சொட்டு. ஊசியால் முடிச்சைக் கிளப்பினேன். நாலு சுற்று. பிறகு கழுத்து இறகு. ஏழு சுற்று. நடுவில் ஒடிந்த இறகு. கூட்டிப்போட்டதில் பொறுக்கியது என்று பார்க்கவே தெரிந்தது. ஒடிந்த இடம் உள்ளே மறையும்படி கட்டியிருந்தாள். பிறகு சிறகு. இரண்டு நுனியையும் முதுகோடு முதுகு வைத்து, நடுவில் எட்டுப் போல ஒரு கட்டு. யன்னலில் நின்ற பூச்சியின் சிறகு அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். அன்று நான் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைசியில் உடம்பு. நுனியைக் கிளப்பி இழுத்தேன். வந்தது. சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. விளக்குக்குக் கீழே செம்பழுப்பு. ஒரு சாணுக்கு மேல் நீளம். அதன் அடியில் இன்னொன்று. மேசையில் வெள்ளைத் தாளில் வைத்தேன். இருபது வருடம் சுற்றிக் கிடந்தது நிமிரவில்லை. இரண்டாவதின் ஒரு முனையில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி.

வேர்.

நான் விளங்கிக்கொண்டேன். பாண்டிருப்புக்காரியும் விளங்கிக்கொண்டாள். அவள் என் முதுகுக்குப் பின்னால் மூச்சை இழுத்தது கேட்டது.

அந்த நேரம் ஸ்டோர்காரர் கைலென்ஸோடு வந்தார். “என்னது? பண்டிதானே? கொஞ்சம் காட்டுங்க.”

நான் தாளின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன்.

“கையை எடுங்க.”

“இல்ல.”

“என்னது இல்ல? பாத்தாத்தானே சொல்லலாம்.”

“பண்டி இல்ல.”

“அப்ப என்ன?”

“நீங்க பாக்கக் கூடாது.”

அவருக்கு முகம் மாறியது. நான் அவருக்கு ஒரு நாளும் எதிர்த்துக் கதைத்ததில்லை. ராத்தா வாசலுக்கு வந்தாலே முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிடுகிறவள். என் மாப்பிள்ளையே அவளுடைய தலைமுடியைக் கண்டதில்லை. உயிர் போய் மௌத்தானாலும் அது அதுதான். கையை எடுக்கவில்லை.

“நீங்க போங்க காக்கா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் பாண்டிருப்புக்காரி. “இது பொம்புளையள்ட விசயம். நீங்க போய் உங்கட கோழி இறகுகள எண்ணுங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். மிஸ் மட்டும் நின்றார். அவருக்குச் சொன்னேன்.

“இது என்ட ராத்தாட தலைமயிர்.”

மிஸ் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். நான் மற்றதையும் சொன்னேன். பெட்டி, சாய்வு, நான் காட்டிக்கொடுத்தது. சாமான் கொடுக்காத மேசையில் இருந்ததால்தான் அவள் தன் தலையில் இருந்து எடுத்தாள். அந்த மேசையில் இருந்தது என்னால்.

“அக்கா...” என்றார்.

மற்றப் பெண்களிடம் பண்டி இல்லை என்று மட்டும் சொன்னேன். அந்த வரிப்பத்தான்சேனைப் பிள்ளை, “சத்தியமா?” என்று கேட்டது. “சத்தியமா” என்றேன்.

ஓடரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். குதிரை வால் மயிர் என்று எழுதச் சொன்னேன். மிஸ் பொய் எழுதமாட்டேன் என்றார். ‘நாங்கள் குதிரை மயிர் பாவிக்கிறோம்’ என்று எழுதினார். அது பொய் இல்லை. குதிரை மயிர் மிதந்தது, நிறமும் கிட்டத்தட்ட வந்தது. கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மேசைகள் தப்பின. அந்த வயசாளி மட்டும், நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் இது அது இல்லை என்றாராம். அவரை எனக்குத் தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன்.

பிரித்த அன்று, அரை நாளோடு வீட்டுக்குப் போனேன். தாளை மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். மாப்பிள்ளை வளவில் வேலி கட்டிக்கொண்டு நின்றார். சொன்னேன். கம்பியைக் கீழே போட்டார். பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டுவிட்டு வந்தார்.

“அடக்கணுமாம். தொழுகை இல்ல. அது அப்பவே தொழுதாச்சாம். மயிரை மண்ணுக்குள்ள வைக்கிறது மட்டும்தானாம்.”

“ஓம்.”

அஸர் தொழுகைக்குப் பிறகு, உம்மா அடங்கியிருக்கும் மையவாடிக்கு நடந்தோம். போகும்போது நான் காட்டிக்கொடுத்ததையும் சொன்னேன். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவருக்கு அதைச் சொன்னதில்லை.

“இப்ப ஏன் சொல்றாய்?”

“வேற ஆருக்குச் சொல்ல?”

மையவாடி வாசலில் அவர் துணியை வாங்கிக்கொண்டார். “கையை விடு” என்றார். அப்போதுதான் நான் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. விட்டேன்.

பெண்கள் உள்ளே போவதில்லை. மதிலுக்கு வெளியே நின்றேன். மண்வெட்டி மண்ணில் விழும் சத்தம் கேட்டது. ஐந்தாறு வெட்டு. அதற்கு அவ்வளவு போதும். பிறகு மண்ணைத் தள்ளுகிற சத்தம். பிறகு அவர் ஓதுவது. நானும் ஓதினேன். ராத்தாவுக்கு இருபது வருடமாக ஓதுகிறேன். எந்தப் பக்கம் பார்த்து ஓதுவது என்று தெரியாமல் ஓதினேன். அன்று பக்கம் தெரிந்தது.

அவர் வெளியே வந்தார். கைமண்ணைத் தட்டினார்.

“எங்க வெச்சீங்க?”

“ஓரத்துல. உம்மாக்குக் கிட்ட.”

“கடல் பக்கமா?”

“இல்ல. ரோட்டுப் பக்கம்.”

“தண்ணி வராதே?”

அவர் கடல் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

“எனக்குத் தெரியா புள்ள” என்றார்.